அந்தமான் கழிகளில் முதலைப் பாதுகாப்பு: செலவு யாருடையது?

வங்கக் கடலில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள அந்தமான் நிக்கோபார் யூனியன் பிரதேசம் 836 தீவுகளும் குறுந்தீவுகளும் பாறைத் திட்டுகளும் கொண்டது. அதன் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. இவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தலைநகரில் வாழ்கின்றனர். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நகரம், கடலின் கைவிரல்கள் போல் உள்ளே நுழையும் கழிகளுக்கும் விரிகுடாக்களுக்கும் இடையே மேடு பள்ளமாகப் பரந்து கிடக்கிறது.

இக்கழிகள் நகரத்தின் படகுத்துறைகளாகவும், மீன்பிடி இடங்களாகவும், வருந்தத்தக்க வகையில் சாக்கடைகளாகவும் பயன்படுகின்றன. இதே கழிகளில்தான் உலகில் இன்று வாழும் ஊர்வன யாவற்றிலும் பெரியதான உவர்நீர் முதலையும் வாழ்கிறது. ஆற்று முதலைகளைத் தமிழ்நாட்டு மக்கள் அறிவர். ஆனால் கடலை நீந்திக் கடந்து, நகரத்துப் பாலத்தின் அடியில் தலைகாட்டும் முதலை பலருக்கும் புதுமையான செய்தியே. சட்டத்தின் முழுப் பாதுகாப்புக்கு உரிய இப்பிராணியும், அதே நீரை நம்பிப் பிழைக்கும் மக்களும் ஒரே ஊரில் வாழ்வது எங்ஙனம் என்பது தீவு நிர்வாகத்தின் முன் நிற்கும் கடினமான வினாக்களில் ஒன்று.

பிராணியின் இயல்பு

உவர்நீர் முதலையில் ஆண் 5 முதல் 6 மீட்டர் நீளம் வரை வளரக்கூடும்; பெண் பெரும்பாலும் 3 மீட்டர் அளவில் நின்றுவிடும். இதன் நாக்கில் உள்ள சுரப்பிகள் உடலில் சேரும் மிகையான உப்பை வெளியேற்றுகின்றன. ஆகவே நன்னீரிலும் கடல்நீரிலும் இது ஒருங்கே வாழ வல்லது. நீரோட்டம் தான் செல்ல விரும்பும் திசையில் இருக்கும்போது அதன் போக்கில் மிதந்து செல்வதும், ஓட்டம் எதிராகத் திரும்பும்போது கரையேறியோ அடியில் தங்கியோ காத்திருப்பதும் இதன் வழக்கம். ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு இது செல்வது இவ்வாறே.

பெண் முதலை மழைக்காலத்தில் புல்லையும் சருகையும் சேற்றையும் குவித்து மேடு அமைத்து, அதனுள் 40 முதல் 60 முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் தாய் அம்மேட்டின் அருகிலேயே காவல் இருக்கும். எனினும் வெள்ளத்தில் அழுகுவனவும், உடும்பு இனங்களுக்கு இரையாவனவும் பல. பொரித்து வெளிவரும் குஞ்சுகளிலும் முதிர்ச்சி அடைவன நூற்றில் ஒன்று அளவே என மதிப்பிடப்படுகிறது. பெண் இனப்பெருக்கத்துக்கு உரிய வயதை எட்டப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இத்தகைய இனம் ஒருமுறை அழிவின் விளிம்பை எட்டினால் தானாக மீள்வது எளிதன்று.

அழிவும் மீட்சியும்

முதலைத் தோலுக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பே இவ்வினத்துக்குப் பகையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் மூன்று வகை முதலைகளும் தோலுக்காக வேட்டையாடப்பட்டன. தமிழகக் கடற்கரைக் கழிமுகங்களில் ஒருகாலத்தில் வாழ்ந்த உவர்நீர் முதலை அங்கிருந்து முற்றிலும் மறைந்தது. ஒடிசாவின் பிதர்கணிகா, மேற்கு வங்கத்தின் சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய மூன்றே இந்தியாவில் அதன் புகலிடங்களாக எஞ்சின.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலைகளை முதல் அட்டவணையில் சேர்த்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை நிறுவனம் ஆகியவற்றின் துணையுடன் மைய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. திட்டம் தொடங்கியபோது பிதர்கணிகாவில் நூற்றுக்கும் குறைவாக இருந்த முதலைகள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எடுத்த கணக்கெடுப்பில் 1,800ஐத் தாண்டின. அந்தமானிலும் தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் லோஹாபராக் பகுதி 1987இல் உவர்நீர் முதலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அருகே வண்டூரில் 1983இல் கடல்சார் தேசியப் பூங்கா ஏற்படுத்தப்பட்டிருந்தது.

பாதுகாப்புத் திட்டங்களின் வரலாற்றில் இது ஒரு வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் வெற்றி தன்னுடன் ஒரு கடனையும் கொண்டு வருகிறது. எண்ணிக்கை மீளும்போது முதலை தனது பழைய இடங்களைத் தேடித் திரும்புகிறது. இதற்கிடையில் அவ்விடங்களில் மனிதர் குடியேறி இரண்டு தலைமுறைகள் ஆகிவிட்டன.

நெல் வயலும் முட்டை மேடும்

அலையாத்திக் காடுகளே முதலையின் முழு இல்லம் எனப் பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. இரை தேடவும் மறைந்து வாழவும் அலையாத்தி ஏற்றது. ஆனால் முட்டையிட, ஓதநீர் எட்டாத இடம் வேண்டும். அலையாத்திக்குப் பின்புறம், கழியின் தலைப்பகுதியில், நாணலும் புல்லும் அடர்ந்த நன்னீர்ச் சதுப்புகளையே தாய் முதலை நாடுகிறது.

அதே சதுப்புகள்தாம் நெல் விளைவிக்கவும் ஏற்ற சமநிலங்கள். 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அகதிகளையும், பின்னர் நாட்டின் பிற பகுதி மக்களையும் அரசு இத்தீவுகளில் குடியமர்த்தியபோது, பள்ளத்தாக்குகள் திருத்தப்பட்டு வயல்களாயின. உப்புநீர் புகாமல் அணைகள் எழுந்தன. வீடிழந்து வந்தோர்க்கு நிலமும் சோறும் அளித்த அத்திட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் முதலை முட்டையிடும் நிலத்தின் பெரும்பகுதி அவ்வழியில் மறைந்தது. 1970களில் தீவுகளில் கள ஆய்வு மேற்கொண்ட முதலை வல்லுநர்கள் இவ்வாறு இனப்பெருக்க இடம் சுருங்குவதை வேட்டைக்கு நிகரான ஆபத்தாகக் கருதினர். அந்தமானில் முதலைக்கும் மனிதனுக்கும் இடையிலான முரண்பாட்டின் வேர் இவ்வாறு நிலத்திலேயே ஊன்றியுள்ளது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்த நிலக்கணக்கை மீண்டும் மாற்றி எழுதின. வடக்கு அந்தமானில் தரை உயர்ந்தது. கடலடிப் பாறைகள் வெளியே வந்தன. ஓதநீர் எட்டாத அலையாத்தி மரங்கள் பட்டுப்போயின. தெற்கு அந்தமானில் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து போய்விட்டது. ஆனால் தாழ்ந்த நிலத்தில் புகுந்த கடல்நீர் போகவில்லை.

தலைநகரிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலையில் உள்ள சிப்பிகாட் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே நெல் விளைந்த வயல்கள் நிலையான உவர்நீர்ச் சதுப்பாயின. தென்னைகள் நின்ற நிலையிலேயே கருகின. வீடுகளின் அடித்தளங்கள் ஓதத்தில் மூழ்கி வெளிப்பட்டன. சில ஆண்டுகளில் கொக்குகளும் நாரைகளும் நீர்க்கோழிகளும் அங்கே குவிந்தன. பறவை ஆர்வலர்களுக்கு அது நல்வரவாயிற்று. மீனும் நீரும் ஒதுக்கமும் ஒருங்கே கிடைத்ததால் முதலையும் வந்து சேர்ந்தது.

நிலத்தை இழந்த உழவன், அந்நிலத்தின் மேல் நிற்கும் நீரில் வலை வீசிப் பிழைக்க முற்படுகிறான். அந்நீரிலேயே முதலையையும் எதிர்கொள்கிறான். அவனுடைய பார்வையில் கடல் முதலில் நிலத்தை எடுத்துக்கொண்டது. பின்னர் எஞ்சிய பிழைப்புக்கும் காவல் வைத்தது. இம்மனநிலையைப் புரிந்துகொள்ளாமல் தீட்டப்படும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

கழிவே அழைப்பு

முதலைகள் குடியிருப்புகளை நெருங்குவதற்கு எண்ணிக்கைப் பெருக்கம் ஒன்றே காரணமன்று. இறைச்சிக் கடைகளின் கழிவும், கோழிக் குடல்களும், மீன் சந்தையின் எச்சங்களும், உணவு விடுதிகளின் மிச்சங்களும் கழிகளில் கொட்டப்படும்போது, அவை முதலைக்கு அன்றாடம் வைக்கும் படையலாகிவிடுகின்றன. அதே கழிவை நாடித் தெருநாய்களும் கரைக்கு வருகின்றன. நாய்களும் முதலைக்கு இரையே. ஓரிடத்தில் தொடர்ந்து இரை கிடைக்கும் என்பதை முதலை விரைவில் கற்றுக்கொள்கிறது. மனித நடமாட்டத்தையும் இரையையும் இணைத்துப் பழகிய முதலை, காட்டுக் கழியில் மனித ஓசை கேட்டதும் நீரில் மறையும் முதலையைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

இங்கே பொருளியலின் எளிய விதி ஒன்று செயல்படுகிறது. கழிவை முறையாக அகற்ற ஆகும் சிறு செலவைக் கடைக்காரர் மிச்சப்படுத்துகிறார். அம்மிச்சத்தின் விலையை, கழியின் கீழ்ப்பகுதியில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசும் மீனவர் தமது உயிரைப் பணயம் வைத்துச் செலுத்துகிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இத்தகைய இடங்களில் அறிவுரை மட்டும் போதாது. நகராட்சியின் வண்டி நாள்தோறும் வந்து கழிவை எடுத்துச் செல்வதும், மீறுவோர்க்குத் தண்டம் விதிப்பதும் இன்றியமையாதன. அந்தமானில் துப்புரவுப் பணியும் வன உயிரினப் பாதுகாப்புப் பணியே எனில் அது மிகையாகாது.

இடம் மாற்றினால் தீருமா?

முதலை தென்பட்டதும் அதைப் பிடித்துத் தொலைவில் விட்டுவிட வேண்டும் என்பதே மக்களின் முதல் கோரிக்கை. இக்கோரிக்கை இயல்பானது. 2010 ஏப்ரலில், இன்று ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹாவ்லாக்கில், கடலில் நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பயணி ஒருவர் முதலைத் தாக்குதலில் உயிரிழந்தார். அச்செய்தி உலகெங்கும் பரவியது. தலைநகரை ஒட்டிய கார்பின்ஸ் கோவ் கடற்கரையிலும், வண்டூரிலும் முதலை நடமாட்டம் காரணமாக நீராடல் தடுக்கப்பட்ட நாட்கள் உண்டு. அதே காலத்தில் கழிகளில் உயிரோ உறுப்போ இழந்த உள்ளூர் மக்களின் பெயர்கள் தீவுக்கு வெளியே எவர் செவியையும் எட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆனால் இடமாற்றம் எதிர்பார்த்த பலனைத் தருவது அரிது. ஆஸ்திரேலியாவில் மூன்று பெரிய முதலைகளை ஹெலிகாப்டரில் ஏற்றித் தொலைவில் விட்டு, செயற்கைக்கோள் கருவியால் அவற்றைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. மூன்றும் தத்தம் பழைய இடத்துக்கே திரும்பின. அவற்றுள் ஒன்று தீபகற்பத்தைக் கடல்வழியே சுற்றிக்கொண்டு 411 கிலோமீட்டர் தொலைவை 20 நாட்களில் கடந்தது. திரும்பாமல் சிறையிலேயே வைத்துக்கொள்ளலாம் எனில், உயிரியல் பூங்காக்களில் இடத்துக்கும் தீவனத்துக்கும் எல்லை உண்டு. மேலும், ஒரு கழியில் ஆதிக்கம் செலுத்திய பெரிய ஆண் அகற்றப்பட்டால் அவ்விடத்தைப் பிடிக்க வேறு முதலைகள் முந்துகின்றன. கழிவு அப்படியே கொட்டப்படுமாயின் புதிதாக வந்ததும் அதே பாடத்தையே கற்கும்.

கொன்றுவிடலாம் என்ற குரலும், சட்டப் பாதுகாப்பைத் தளர்த்தலாம் என்ற குரலும் தீவுகளில் எழுந்ததுண்டு. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பிடிக்கவோ இடம் மாற்றவோ இயலாத நிலையில், அதை வேட்டையாட அனுமதிக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலேயே உள்ளது. ஆகவே உண்மையில் ஆபத்தான தனி முதலையை எதிர்கொள்ளச் சட்டம் தடையாக இல்லை. குறைபாடு நடைமுறையில்தான்: எது ஆபத்தான முதலை என்பதை விரைந்து கண்டறியப் பயிற்சி பெற்ற குழுவும், படகும், பொறியும், தொடர்ந்த கணக்கெடுப்பும் வேண்டும். இரவில் விளக்கொளி பட்டதும் செந்தணல் போல் ஒளிரும் கண்களை எண்ணியே முதலைகள் கணக்கிடப்படுகின்றன. ஆண்டுதோறும் ஒரே கழிகளில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் இது செய்யப்பட்டால்தான் முதலைகள் பெருகினவா, மனிதர் அவற்றின் இடத்துக்குள் நெருங்கினரா என்று கூற இயலும்.

பிற இடங்களின் அனுபவம்

நகரமும் முதலையும் அருகருகே வாழும் இடம் அந்தமான் மட்டுமன்று. குஜராத்தில் வடோதரா நகரின் நடுவே ஓடும் விஸ்வாமித்ரி ஆற்றில் நூற்றுக்கணக்கான சதுப்பு முதலைகள் வாழ்கின்றன. மழை வெள்ளத்தில் அவை தெருக்களுக்கு வந்தால் வனத்துறையினரும் தன்னார்வத் தொண்டர்களும் பிடித்து ஆற்றிலேயே விடுகின்றனர். இலங்கையில் மாத்தறை வழியே ஓடும் நில்வளா ஆற்றில் உவர்நீர் முதலைகள் உண்டு. அங்கே மக்கள் குளிக்கும் துறைகளைக் கழிகளாலும் வலையாலும் வேலியிட்டுக் காக்கும் வழக்கம் உள்ளது. பிதர்கணிகாவைச் சூழ்ந்த ஊர்களிலும் நீராடும் துறைகளுக்குத் தடுப்புகள் அமைக்கப்பட்டுள்ளன.

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசம் 1971இல் முதலை வேட்டையைத் தடை செய்தது. அப்போது சில ஆயிரமாக இருந்த எண்ணிக்கை இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் என மதிப்பிடப்படுகிறது. அங்கே டார்வின் துறைமுகத்தில் பொறிகள் நிலையாக வைக்கப்பட்டு, உள்ளே வரும் முதலைகள் அகற்றப்படுகின்றன. நகரத்துக்கு வெளியே உள்ள பல ஆறுகளில் அவை வாழ விடப்படுகின்றன. பள்ளிச் சிறுவர் முதல் பயணிகள் வரை அனைவருக்கும் முதலையிடம் எச்சரிக்கையாக வாழும் முறை கற்பிக்கப்படுகிறது. எல்லா நீரிலும் ஒரே விதி என்றில்லாமல், எந்த நீர் யாருக்கு முதன்மை என்று பிரித்ததே அங்கு கிடைத்த பாடம்.

செய்ய வேண்டியவை

இப்பாடத்தை அந்தமானின் நிலைக்கு ஏற்பப் பொருத்தினால் கழிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நீராடும் கடற்கரைகளும் நகர்ப் படகுத்துறைகளும். இங்கே மனிதனுக்கே முதன்மை. வலைத் தடுப்பு, விளக்கு, காவலர், நெருங்கி வரும் பெரிய முதலைகளை அகற்றல் ஆகியன வேண்டும். வண்டூரில் நீராடும் பகுதிக்கு இடப்பட்ட வலைத் தடுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, சிப்பிகாட் போன்று மக்கள் தொழில் செய்யும் கழிகள். மூன்றாவது, லோஹாபராக் போன்ற இனப்பெருக்கக் கழிகள். மூன்றாவதில் முட்டையிடும் நன்னீர்ச் சதுப்புகள் எஞ்சியிருக்கும் வரை அவற்றில் மண் கொட்டாமலும் மனை பிரிக்காமலும் காப்பது தலையாய கடமை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது இரண்டாவது வகைக்கே. பயணிகள் நீராடும் கரைக்கு வலை இடுவது எளிது. சுற்றுலா வருவாயே அச்செலவை ஈடு செய்யும். வீச்சுவலையும் நண்டுக்கூடையும் கொண்டு கழியில் இறங்குவோர்க்கு அத்தகைய வருவாய்க் கணக்கு இல்லை. அவர்கள் நீரில் இறங்காமல் டுங்கி எனப்படும் சிறு படகிலிருந்தே தொழில் செய்ய ஏதுவாகக் கடனுதவி, சேற்றில் கால் வைக்காமல் ஏறி இறங்கப் படித்துறை, துறைகளில் இரவு விளக்கு, கரையோரப் புதர்களை அகற்றல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. அந்தி மயங்கிய பின்னும், முட்டை மேடு காக்கும் பருவத்திலும் கழியில் இறங்குவதைத் தவிர்த்தலே பெரும்பாலான விபத்துகளைக் குறைக்கும். ஆனால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும்போது, இழக்கும் கூலிக்கு மாற்று எது என்பதையும் கூற வேண்டும்.

வன விலங்குகளால் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் வழங்கும் உதவித்தொகையை மைய அரசு 2023இல் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. கடுங்காயத்துக்கு 2 லட்சம் ரூபாய். இது வரவேற்கத்தக்கது. எனினும் ஈட்டுத்தொகையின் பயன் அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. அது கைக்கு எட்டும் விரைவையும் பொறுத்தது. உழைப்பவரை இழந்த குடும்பத்துக்கு முதல் மாதமே நெருக்கடியான மாதம்.

செலவும் பயனும்

உவர்நீர் முதலையைக் காப்பதால் விளையும் பயன் நாடு முழுமைக்கும் உரியது. அலையாத்திக் கழியின் உணவுச் சங்கிலியில் தலைமை இரைகொல்லி அது. 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தமான் நிக்கோபாரின் அலையாத்திக் காடுகள் மீன்களின் நாற்றங்காலாகவும் புயலுக்கும் அலைக்கும் அரணாகவும் விளங்குகின்றன. அக்கழிகளை அவற்றின் எல்லா உயிர்களோடும் விட்டுச்செல்வது வருங்காலத் தலைமுறைக்கு இத்தலைமுறை ஆற்றும் கடன். இப்பயனைத் தில்லியில் வாழ்வோரும் சென்னையில் வாழ்வோரும் பெறுகின்றனர். அதற்கான செலவை மட்டும் சிப்பிகாட்டின் கரையில் வாழும் ஒரு சில நூறு குடும்பங்களின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

செலவைப் பொதுநிதி ஏற்குமாயின், கரையில் வாழ்வோரே முதலையின் முதல் காவலர்களாக மாற வாய்ப்புண்டு. புதிதாக வந்த முதலையை முதலில் காண்பவர்கள் அவர்களே. முட்டை மேடு எங்கே உள்ளது என அறிந்தவர்களும் அவர்களே. தாம் கூறும் செய்தி வனத்துறையின் படகை அன்றே வரவழைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தால், அவர்கள் நஞ்சையும் கண்ணியையும் நாட மாட்டார்கள். அந்நம்பிக்கை பிறக்காவிடில், அட்டவணையில் எத்தனை உயர்ந்த இடம் அளித்தாலும் இருட்டில் கழியில் நிகழ்வதைச் சட்டம் தடுத்துவிட முடியாது.

முதலைத் திட்டத்தின் முதல் ஐம்பது ஆண்டுகள் ஒரு பிராணியை அழிவிலிருந்து மீட்டன. அடுத்து வரும் ஆண்டுகளின் பணி, மீண்டு வந்த அப்பிராணியின் அண்டையில் வாழ்வோர்க்கு அச்சமின்றி நீரில் படகு செலுத்தும் நிலையை உண்டாக்குவதாகும். நகராட்சி, மீன்வளத்துறை, வனத்துறை ஆகிய மூன்றும் ஒரே கழியை ஒரே திட்டத்தின் கீழ் நோக்கத் தொடங்கும் நாளில் அப்பணி தொடங்கியதாகக் கொள்ளலாம்.